மீட்டர் சரிசெய்த பிரிண்டர்

அந்த வீட்டில் முதலில் சந்தேகத்துக்கு ஆளானது பிரிண்டர்தான். மனிதர்களின் முறை அப்புறம் வந்தது.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதம் அது. துவைத்த துணி காயவில்லை, கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த மறுத்தன, உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. முன்னறையில், தையல் மிஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பழைய டிவி மேசைமேல் அந்தப் பிரிண்டர் இருந்தது. பேச்சுக்கு வீட்டுப் பிரிண்டர் என்றாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அதை நம்பித்தான்.

வீட்டுக்காரி நர்ஸுகள் போடும் யூனிஃபார்ம் கோட்டுகளைத் தைத்துக் கொடுப்பவள். தெருவில் அவளுக்கு யூனிஃபார்ம்காரி என்றே பெயர். கோட்டின் முதுகு, முன்பக்கம், கை, காலர் எல்லாவற்றின் அளவுகளும் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றைச் சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாக அச்செடுத்து, தரையில் பரப்பி, கோட்டோடு கோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினால் ஆள் உயரத்துக்கு ஒரு பேட்டர்ன் வரும். அதைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவது அவளுடைய நாத்தனார். யூனிஃபார்ம்காரியின் புருஷனுக்கு அக்கா. மகளைக் கட்டிக்கொடுத்து, தன் புருஷனோடு இனி ஒத்துவராது என்று தெரிந்து, ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து சும்மா இருந்ததில்லை. வெட்டுவதை இந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டாள். தெருவுக்கு அவள் கட்டிங் அக்கா. நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

மூன்றாவது ஆள் யூனிஃபார்ம்காரியின் புருஷன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. ஆகவே மீட்டர். நல்ல மனுஷன். ஆனால் எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மிக்ஸியைச் சரிசெய்தார், அதற்குப் பிறகு அந்த மிக்ஸியை யாரும் பார்க்கவில்லை.

மழை தொடங்கியதும் பிரிண்டர் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. ஒரு தாள் இழுக்கச் சொன்னால் இரண்டு இழுத்தது. இழுத்த தாளைக் கோணலாக விட்டது. ஓரத்தில் இருக்க வேண்டிய கோடு தாளுக்கு வெளியே போய்விட்டது. ஓரக் கோடு இல்லாமல் எதை எதோடு ஒட்டுவது? மையும் காலியாகிக்கொண்டே இருந்தது.

யூனிஃபார்ம்காரிக்குச் சந்தேகம் என்பது கைவந்த கலை. பால்காரரை வாசலில் நிறுத்திப் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பாள். காய்கறிக்காரரின் தராசைவிட அவருடைய கட்டைவிரலைத்தான் அதிகம் கவனிப்பாள். ஏமாந்தே வளர்ந்தவர்களுக்கு வரும் குணம் அது, அவளை ஒரேயடியாகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது மை நிரப்புகிற கடைக்காரன்மேல் சந்தேகம் விழுந்தது.

"தண்ணியைக் கலந்து ஊத்தியிருக்கான். இல்லன்னா இவ்வளவு சீக்கிரம் தீருமா?"

"மையில தண்ணி கலந்தா எழுத்து வெளுத்துப்போகும்," என்றார் மீட்டர். "கறுப்பாத்தானே வருது."

"அப்போ மாடிவீட்டுப் பையன் நம்ம வைஃபைல புகுந்து எதையாவது அனுப்பறான்."

"அனுப்பினா தாள் நம்ம வீட்டுலதானே வந்து விழும். எங்கே விழுந்திருக்கு, காட்டு பார்ப்போம்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கீங்க. வேலை மட்டும் நடக்காது."

மையை மிச்சம் பிடிக்க அவள் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு பேட்டர்னிலும் முதல் தாளில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அளவு சரியாக அச்சாகிறதா என்று இஞ்ச் டேப் வைத்துப் பார்ப்பதற்கான கட்டம் அது. வேறொன்றும் அந்தத் தாளில் கிடையாது. கட்டிங் அக்கா ஒவ்வொரு தடவையும் அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்றத் தாள்களைத் தொடுவாள்.

"அண்ணி, தினமும் அதே கட்டம், அதே அளவு. ஒரு தாளும் மையும் தண்டம். இனிமே அதை விட்டுட்டு மீதியை எடுப்போம்."

"சரிம்மா. நீ சொன்னா சரி," என்றாள் அக்கா. வாதாடும் வழக்கம் அவளுக்கு இல்லை. தம்பி வீட்டில் இருக்கிறவள் எதற்கு வாதாடப் போகிறாள்.

ஒரு விடுமுறை நாளில் மீட்டர் பிரிண்டரைப் பிரித்தார். தாள் கட்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஈரம் போக்கினார். உள்ளே உருளும் ரப்பரை ஈரத்துணியால் துடைத்தார். மேசைக் காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் தட்டினார். அதில் ‘ஃபிட்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஓரம் வெட்டுப்படாமல் எல்லாம் தாளுக்குள் அடங்கும் என்று புரிந்துகொண்டு அதில் ஒரு டிக் போட்டார். பிறகு அச்சுக் கொடுத்தார். தாள் நேராக வந்தது. ஓரக் கோடு முழுசாக இருந்தது. எந்த மருந்து நோயைத் தீர்த்தது என்று அவருக்குத் தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

"எப்படி?" என்றார்.

"பரவாயில்லையே," என்றாள் யூனிஃபார்ம்காரி. அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவது அபூர்வம். மூன்று பேருக்கும் டீ போட்டாள், முட்டை அவித்தாள்.

"ஒட்டறதுக்கு இப்போ வசதியா இருக்குடா," என்றாள் அக்கா, தரையில் உட்கார்ந்தபடி. "ஓரத்துல வெள்ளை நிறைய விட்டிருக்கு. டேப் நல்லாப் பிடிக்குது."

"பார்த்தியா? ஓரம் வெட்டுப்படவே கூடாதுன்னு பண்ணினது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். இங்கே பிடித்தது பிள்ளையார் மாதிரியேதான் இருந்தது. அதுதான் வினையாயிற்று. அந்த டிக் ஒவ்வொரு தாளையும் கொஞ்சம் சுருக்கியது. இருபது அங்குலம் பத்தொன்பதானது. முதுகும் கையும் காலரும் ஒரே கணக்கில் சுருங்கியதால் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. தைக்கும்போது இடிக்கவில்லை, இழுக்கவில்லை. தப்பெல்லாம் கூடிப் பேசி ஒற்றுமையாக வந்தால் யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியின் இரண்டாவது ஆர்டரை அக்கா வெட்டினாள். துணி நிறைய மிஞ்சியது.

"நீலத்துல நல்ல துண்டா விழுதும்மா. பொண்ணு ஜன்னலுக்குத் திரை கேட்டா. எடுத்துக்கட்டுமா?"

"துண்டுதானே அண்ணி. எடுத்துக்கோங்க," என்றாள் யூனிஃபார்ம்காரி, மிஷினிலிருந்து தலை தூக்காமலே.

பேட்டர்ன் தாள்களை அன்றைக்கே கிழித்துப் போட்டார்கள். மழைக்காலத்தில் அது வழக்கம். ஈரக்காற்றில் தாள் ஊறி அளவு மாறிவிடும் என்று யூனிஃபார்ம்காரிதான் அந்தச் சட்டத்தைப் போட்டிருந்தாள். மறுதடவை வெட்டும்போது புதிதாக எடுத்துக்கொள்வார்கள்.

கோட்டுகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சில நாட்களில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். யூனிஃபார்ம்காரி குடையோடு போய் வார்டு வாசலில் நின்றாள். மேட்ரன் அதிகம் பேசுகிறவர் இல்லை. புதுக்கோட்டு போட்டிருந்த ஒரு நர்ஸை அழைத்து, "அந்த பாட்டிலை ஸ்டாண்டுல மாட்டும்மா," என்றார். நர்ஸ் கையைத் தூக்கினாள். அக்குளில் தையல் விட்டது. சத்தம் பக்கத்துக் கட்டில்வரை கேட்டது. படுத்திருந்த நோயாளி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"இதைப் போட்டுக்கிட்டு எங்க பிள்ளைங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கலாம். வேலை பார்க்க முடியாது," என்றார் மேட்ரன். "முதல்ல கொடுத்தது நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதே அளவுதாம்மா இதுவும்."

"அப்போ எங்க பிள்ளைங்கதான் ஒரே மாசத்துல ஊதிட்டாங்களா? அடுத்த வாரத்துக்குள்ள சரியா வரணும். வரலைன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

யூனிஃபார்ம்காரி அங்கேயே டேப்பை எடுத்து அளந்தாள். நாற்பது அங்குல மார்பு முப்பத்தெட்டு இருந்தது. வழி முழுக்க மழை. நனைந்துகொண்டே யோசித்தாள். கம்ப்யூட்டரில் இருக்கும் அளவு மாறவில்லை. பிரிண்டர் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. தைத்தவள் தானே. மாறியிருக்கக்கூடியது ஒன்றே ஒன்று, கத்திரி பிடித்த கை. அவள் புத்தியைக் குறைசொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் யாருக்கும் அந்த முடிவுதான் வரும்.

எதிர்வீட்டு இஸ்திரிக்காரி திண்டாடிக்கொண்டு ஈரத்துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் சொல்லக்கூடாது. உங்க வீட்டு விஷயம்."

"சொல்லு."

"நாத்தனார் அன்னைக்கு ஒரு பை நிறைய நீலத் துணி எடுத்துட்டுப் போனாங்க. பை பிதுங்கிச்சு. துண்டுதான்னு சொன்னாங்க. எனக்கென்னமோ துண்டு மாதிரி தெரியல. நான் எதுவும் சொல்லலப்பா."

இந்த ‘நான் எதுவும் சொல்லல’ இருக்கிறதே, எத்தனையோ குடும்பங்களை அது ஒன்றே பிரித்திருக்கிறது.

அன்று மத்தியானம் கட்டிங் அக்கா சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். யூனிஃபார்ம்காரி நனைந்த புடவையோடு ஒரு கோட்டையும் டேப்பையும் அவள் பக்கத்தில் வைத்தாள். மீட்டர் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் அளங்க."

அக்கா இடது கையால் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"முப்பத்தெட்டு. நடு அளவா இது?"

"பெரிய அளவு. நாப்பது இருக்கணும்."

"எப்படிக் குறையும்? நீ ரெண்டாவது தையல் ஏதாவது..."

"தையல்ல ரெண்டு அங்குலம் போகுமா அண்ணி?"

அக்கா டேப்பைச் சுருட்டி வைத்தாள்.

"பேட்டர்ன் தாள் இருந்தா வெச்சுப் பார்க்கலாம். அதையும் கிழிச்சுப் போட்டுட்டீங்க."

"நீதானேம்மா கிழிக்கச் சொன்னே?"

"துணி மிஞ்சுதுன்னு சொன்னீங்க இல்ல. எப்படி மிஞ்சும்? முதல் தடவை மிஞ்சலையே. இந்தத் தடவை மட்டும் பை பிதுங்கற அளவுக்கு எப்படி மிஞ்சும்?"

இப்போதுதான் அக்காவுக்குப் பேச்சு எங்கே போகிறது என்று புரிந்தது. பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

"உன்கிட்ட கேட்டுட்டுத்தானே எடுத்தேன்."

"துண்டை எடுத்துக்கோங்கன்னுதான் சொன்னேன். துண்டு உண்டாக்கச் சொல்லல."

"தாள்மேல வெச்சுக் கோடு போட்டு வெட்டினேன். கோட்டுமேலதான் வெட்டினேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"அப்போ கோடே உள்ளே வந்துடுச்சா? மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்கு? ஏன் சோத்தைக் கையிலயே வெச்சிருக்கீங்க?"

"நீ கேக்கறதைக் கேட்டா யாருக்குத்தான் சோறு இறங்கும்?"

மீட்டர் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. அக்கா அப்படிப் பண்றவ இல்ல."

"அப்போ நான் பண்ணினேனா?" என்று அவர் பக்கம் திரும்பினாள் மனைவி. "நீங்க பண்ணினீங்களா? பிரிண்டர் பண்ணிச்சா? யார்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவருக்கு அப்போது உண்மையாகவே தெரியாது. சொல்லப்போனால் அவர் மனத்திலும் ஒரு சின்ன முள் விழுந்தது. மகளுக்கென்று தாய் எதையும் செய்வாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. தலையை ஆட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அக்கா எழுந்து தட்டைக் கழுவினாள். சோறு அப்படியே போயிற்று. பிறகு கத்திரியைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, தம்பி மனைவியின் மிஷின்மேல் கொண்டுவந்து வைத்தாள்.

"இனிமே நீயே வெட்டும்மா. நான் பட்டன் தைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் தன் அடையாள அட்டையை ஒரு பிரதி எடுக்க உட்கார்ந்தார். வீடு வீடாக ஏறி இறங்கும்போது கழுத்தில் தொங்குகிற அட்டை மழையில் ஊறிப்போயிருந்தது. போன வருஷம் எடுத்த அதே பிரதிதான், கம்ப்யூட்டரில் இருந்தது. அச்செடுத்து, ஓரம் வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்தார். அட்டை உள்ளே லொடலொடவென்று ஆடியது. போன வருஷத்து அட்டையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். புதுசு நாலு பக்கமும் சின்னது. முகம்கூடச் சின்னது.

இரண்டையும் மேசைமேல் வைத்தார். பிறகு கம்ப்யூட்டரில் தான் போட்ட டிக் எங்கே என்று தேடினார். அது அங்கேயே இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்தார். அட்டை உறையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

உள்ளே மனைவி அடுப்படியில் இருந்தாள். வெளியே அக்கா பட்டன்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். இரண்டு அடி எடுத்து வைத்து, ‘இங்க பாருங்க, இது நான் பண்ணின வேலை’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வைவார்கள், வைதால் என்ன? ஆனால் நாலு பேர் நடுவில் முட்டாளாவதைப் போலக் கஷ்டம் அவருக்கு வேறில்லை. சரிசெய்துவிட்டோமே, இனி எல்லாம் சரியாகப் போகும், பேச்சும் தானாக அடங்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சின்ன அட்டையைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். இந்த இடத்தில் எனக்கு அந்த மனுஷன்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அன்று மத்தியானம் யூனிஃபார்ம்காரி பேட்டர்னைப் புதிதாக அச்செடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தானே ஒட்டினாள், தானே வெட்டினாள். பெரிய அளவில் வெட்டிய கோட்டைத் தைத்து முடித்து அளந்தாள். நாற்பது. அரை நூல்கூடக் குறையவில்லை. துணியும் மிஞ்சவில்லை.

அவள் கத்தவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மடியில் வைத்தாள், டேப்பையும் வைத்தாள். அக்கா அளந்து பார்த்தாள்.

"நாப்பதுதான்," என்றாள்.

"அதே பேட்டர்ன். அதே துணி. அதே கத்திரி."

"ஆமாம்மா."

"நான் வேற ஒண்ணும் சொல்லல அண்ணி."

மீட்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சரிசெய்தது பிரிண்டரை மட்டுமல்ல, அக்காவுக்கு எதிரான சாட்சியையும் சேர்த்துத்தான். அது அவருக்கும் புரிந்தது. புரிந்தபின் வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பழைய கோட்டுகளில் பெரியவற்றுக்கு நடு அளவுச் சீட்டும், நடு அளவுகளுக்குச் சின்ன அளவுச் சீட்டும் மாற்றித் தைத்தாள் யூனிஃபார்ம்காரி. சின்னவற்றை ஒதுக்கிவைத்தாள். பெரிய அளவை மட்டும் புதிதாக வெட்டினால் போதும். திங்கட்கிழமை மாதிரிக்குப் புதுக் கோட்டையும் சீட்டு மாற்றியவற்றையும் எடுத்துக்கொண்டு மூன்று பேருமாகப் போனார்கள். மீட்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். மேட்ரன் ஒரு நர்ஸுக்குப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, தலையசைத்தார்.

"இப்போ சரி. போன தடவை என்னாச்சு?"

அக்கா முன்னால் வந்தாள்.

"வெட்டினது நான்தாம்மா. என் கைத்தப்பு. மன்னிச்சுக்குங்க. இனிமே நான் வெட்ட மாட்டேன்."

"வயசாகுது இல்ல. கண்ணைக் காட்டுங்க," என்றார் மேட்ரன், கோபமில்லாமல். மூட்டையை வைத்துக்கொண்டு நின்ற தம்பி மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அக்கா பட்டன் தைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், கூப்பிட்டால் வந்தாள். ஆள் இல்லாத நேரத்தில் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி, டேப் வைத்து அளந்து பார்ப்பாள். ஒருநாள் மீட்டர் வேலையிலிருந்து வந்தபோது முன்னறை முழுக்க வெட்டிய காகிதம்.

"என்னக்கா இது?"

"சரியாத்தாண்டா வருது. பத்துன்னா பத்து, இருபதுன்னா இருபது. அப்புறம் அன்னைக்கு மட்டும் எப்படி?"

"விடுக்கா. முடிஞ்சுபோனது."

"உனக்கு முடிஞ்சுபோச்சு." காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "இங்கே வர்றதுக்கு முன்னே நான் வேலை பார்த்த பேக்கிங் கம்பெனியில விசாரிச்சேன். ஹாஸ்டல்ல இடம் தர்றாங்களாம். மாசம் பொறந்ததும் போயிடறேன்."

"எதுக்கு? யாராவது போகச் சொன்னாங்களா?"

"சொல்லல. நான் அடுப்படிக்குப் போனா அவ பீரோ சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கறா. அவளுக்கே தெரியாம கை போகுது, பாவம். அதைப் பார்த்துக்கிட்டு எப்படிடா இருக்கறது?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மீட்டர் அவ்வளவு கெட்டிக்காரரும் இல்லை. உண்மையைச் சொல்லாமல் அக்காவைக் காப்பாற்ற ஒரு வழி யோசித்தார். மேட்ரன் சொன்னது நினைவுக்கு வந்தது. கண் கோளாறு என்று ஆகிவிட்டால் திருட்டு என்ற பேச்சு இருக்காது, தன் தலையும் தப்பும்.

"அக்கா, கண்ணை ஒருதடவை காட்டிடலாம். வா."

கண்ணாடிக் கடையில் அக்காவை இருட்டறையில் உட்காரவைத்தார்கள். எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார்கள். தூரத்தில் இருந்ததை முழுக்கப் படித்தாள். கிட்டத்தில் இருந்த பொடி எழுத்தையும், கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, படித்துவிட்டாள். மீட்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு எழுத்தாவது தப்பாதா என்று காத்திருந்தார்.

"கண்ணு நல்லா இருக்கு," என்றார் கடைக்காரர். "இந்த வயசுக்கு இவ்வளவு நல்ல பார்வையை நான் அதிகம் பார்த்ததில்ல. கண்ணாடி வேண்டாம்."

வெளியே வந்தபோது மழை வலுத்திருந்தது. கடையின் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். தண்ணீர் அவர்கள் காலுக்கு முன்னால் கோடாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பாக இல்லை.

"கண்ணும் சரியா இருக்காம். கையும் சரியா இருக்கு. அப்போ என் மனசுதான் திருடியிருக்குது போல."

"அக்கா."

"இல்லடா, நான் யோசிச்சுப் பார்த்தேன். பொண்ணு திரை கேட்டா. எனக்கு வாங்கிக் கொடுக்க வழியில்ல. உள்ளுக்குள்ள அந்த ஆசை இருந்திருக்கும். எனக்கே தெரியாம கை உள்ளே தள்ளி வெட்டியிருக்கும். அப்படியெல்லாம் நடக்குமாடா? ஒருத்திக்குத் தெரியாமலே அவ திருடியாக முடியுமா?"

அவள் நிஜமாகவே கேட்டாள். பதில் வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். மீட்டருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான்."

தட்டுத்தடுமாறிச் சொன்னார். டிக் போட்டது, அட்டை சின்னதாக வந்தது, எடுத்துவிட்டது எல்லாவற்றையும் சொன்னார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். முகம் தெளியும் என்று அவர் எதிர்பார்த்தார். தெளியவில்லை.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை."

"காலையிலா, சாயந்திரமா?"

"காலையில."

"அப்போ அவ அந்தக் கோட்டை என் மடியில வெச்சப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"திங்கக்கிழமை அந்தம்மா முன்னாடி நான் மன்னிப்புக் கேட்டப்போ நீ என் பக்கத்துல நின்னே."

"ஆமாக்கா."

"இன்னைக்கு என்னை இங்கே கூட்டிட்டு வந்தது எதுக்கு? என் கண்ணு கெட்டிருக்கணும்னா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குடையை விரித்து, அவரை விட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அவரே மனைவியிடம் சொன்னார். யூனிஃபார்ம்காரி நம்பவில்லை. அக்காவைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாரோ என்று அதிலும் சந்தேகப்பட்டாள். டிக்கைப் போட்டு ஒரு தாள், எடுத்து ஒரு தாள் என்று தானே அச்செடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். பிறகு முதல் தாளையும் எடுத்தாள், அவள் வேண்டாம் என்று நிறுத்திய அந்தச் சதுரம் இருக்கிற தாளை. டேப் வைத்து அளந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை நீங்க அளந்திருப்பீங்க அண்ணி. நான்தான் வேண்டாம்னேன்."

அக்கா பட்டன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைப் போய் என்னவெல்லாம் கேட்டுட்டேன். அந்த இஸ்திரிக்காரி பேச்சைக் கேட்டு..."

"அவ என்னத்தைச் சொன்னா? நீ நினைச்சதைத்தான் சொன்னா." அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "நீ தெரியாம கேட்டே. தெரியாம கேட்டதுக்குக் கோபப்பட்டு நான் என்ன பண்ணப் போறேன்."

யூனிஃபார்ம்காரி அழுதாள். வாய்விட்டே அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை. அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பேக்கிங் கம்பெனிக்கெல்லாம் போக வேண்டாம் அண்ணி. நாளைக்கு நானே மேட்ரன்கிட்ட போறேன். தப்பு உங்க மேல இல்லன்னு சொல்லிட்டு வர்றேன்," என்றாள்.

"நீ எதுக்கு? அவன் வரட்டும். அவன் சொல்லட்டும்."

மறுநாள் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மூன்று பேரும் மறுபடி அந்த வார்டு வாசலில் நின்றார்கள். மருந்து வண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. புதுக் கோட்டு போட்ட நர்ஸ் ஒருத்தி கையை உயர்த்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மேட்ரன் எழுதிக்கொண்டே, "என்ன, மறுபடியும் அளவுப் பிரச்சினையா?" என்றார்.

மீட்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இல்லம்மா. போன தடவை அளவு குறைஞ்சது இல்லையா, அது வந்து, எங்க வீட்டுப் பிரிண்டர்ல ஒரு சின்னக் கோளாறு."

"பிரிண்டர் இல்ல," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "சரியா சொல்லு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"நான் பண்ணின தப்பும்மா. அக்கா சரியாத்தான் வெட்டினாங்க. தெரிஞ்சும் நான் சொல்லல. அவங்க இங்கே மன்னிப்புக் கேட்டப்பவும் சொல்லல."

மேட்ரன் பேனாவை நிறுத்திவிட்டு மூன்று முகங்களையும் பார்த்தார். உள்ளே யாரோ ஒரு நோயாளி கூப்பிட்டார். அவருக்கு நேரம் இல்லை.

"யாரா இருந்தா என்ன. கோட்டு சரியா வந்துடுச்சு. எனக்கு அது போதும்."

"உங்களுக்குப் போதும்மா," என்றாள் கட்டிங் அக்கா. "நான் மன்னிப்புக் கேட்ட இடத்துல யாருன்னு தெரியணும்."